இமாட்டினிப்புக்கு அடுத்து எந்த மாத்திரை? மியூட்டேஷன் ரிப்போர்ட்டை வைத்து ஒரு ஒப்பீடு

சிஎம்எல் எனப்படும் நாட்பட்ட மைலாய்டு லுகேமியா (ஒருவகை ரத்தப் புற்றுநோய்) உள்ளவர்கள் பெரும்பாலும் இமாட்டினிப் 400 மி.கி.யில்தான் தொடங்குகிறார்கள். அதிலேயே வருடக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். இந்த மருந்தை முதல் சிகிச்சையாகக் கொடுத்துச் சோதித்த ஐரிஸ் ஆய்வில், இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் 83 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். 2001க்கு முன் இந்த நோயில் இப்படி ஒரு கணக்கு வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்த மருந்து வேலை செய்யாமல் போனவர்களுக்கானது. டாக்டர் மேசையில் அடுத்து ஐந்து பெயர்கள் இருக்கும்: டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப், போனாட்டினிப், அசிமினிப். எதை எடுப்பது? "மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) டெஸ்ட் எடுத்தால் அதுவே சொல்லிவிடும்" என்று பலர் நம்பிப் போகிறார்கள். அந்த ரிப்போர்ட் சொல்வது எந்தப் பெயரை அடிக்க வேண்டும் என்பதை மட்டும்தான். அடித்தது போக மிஞ்சுகிற பெயர்களில் ஒன்றை எடுக்க இதயம், நுரையீரல், சர்க்கரை, சாப்பாட்டு நேரம், பணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கோளாறு எங்கே இருக்கிறது

1960ல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் சிஎம்எல் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்பதை 1973ல் ஜேனட் ரவுலி காட்டினார். ஒட்டிய இடத்தில் உருவாகும் கலப்பு மரபணுதான் பிசிஆர்-ஏபிஎல். அதிலிருந்து வரும் புரதம் அணைக்க முடியாத ஸ்விட்ச் மாதிரி. ரத்தச் செல்களைப் "பெருகு, பெருகு" என்று விரட்டிக்கொண்டே இருக்கும்.

(இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மரபணுவின் பெயரையும் அதை அளக்கும் பரிசோதனையின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் "பிசிஆர்" என்றே வரும். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. குழப்பம் வராமலிருக்க, இந்தக் கட்டுரையில் பரிசோதனையை "அளவு டெஸ்ட்" என்றே சொல்கிறோம்.)

இமாட்டினிப் அந்தப் புரதத்தின் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்து அதை முடக்குகிறது. குழியின் சுவரில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் மருந்து உட்கார முடியாமல் போகலாம். சிகிச்சையின் நடுவில் வரும் மியூட்டேஷன் என்பது இதுதான். மருந்து இதை உண்டாக்குவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றிரண்டு செல்கள் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று தீர்த்ததும் இவற்றுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

மாற்றுவதற்கு முன்

மருந்து தோற்றது என்று எதை வைத்துச் சொல்வது? ஐரோப்பிய லுகேமியாநெட் (லுகேமியா நிபுணர்களின் கூட்டமைப்பு) 2020ல் வெளியிட்ட வரம்புகள்தான் பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றன. சிகிச்சை தொடங்கியதிலிருந்து, ரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் அளவு சர்வதேச அளவுகோலில் 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழும், 6 மாதத்தில் 1 சதவீதத்துக்குக் கீழும், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்குக் கீழும் வந்தால் நல்ல பலன். 6 மாதத்தில் 10க்கு மேல், 12 மாதத்தில் 1க்கு மேல் என்றால் தோல்வி. இடைப்பட்டது எச்சரிக்கை. 3 மாதத்தில் 10க்கு மேல் இருந்தால் உடனே தீர்ப்பு எழுதுவதில்லை. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

எண்ணைப் பார்க்கும்போது பக்கத்திலிருக்கும் இன்னொரு எண்ணையும் பாருங்கள். ஒப்பீட்டுக்காக அளக்கப்படும் ஏபிஎல் நகல்கள் குறைந்தது 10,000 இருக்க வேண்டும். 2,000 நகல்களை வைத்துக்கொண்டு "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், மாதிரி கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வதே சரி. அளக்கப்படுவது ஆர்என்ஏ; வெயிலில், வேனில், இரண்டு நாள் கிடந்தால் சிதைந்துவிடும். ஒரு லேபில் 0.08, வேறு லேபில் 0.15 என்று வந்தால் நோய் ஏறிவிட்டது என்று பதற வேண்டாம். இரண்டு மடங்கு வித்தியாசம் டெஸ்டின் இயல்பான ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரே லேபில் தொடர்ந்து எடுப்பதுதான் வழி.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. கலப்பு மரபணு ஒட்டும் இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. இ13ஏ2, இ14ஏ2 என்ற இரண்டு வகைதான் மிகப் பெரும்பான்மை. வழக்கமான அளவு டெஸ்ட் அவற்றுக்காகவே வடிவமைக்கப்பட்டது. இ19ஏ2 போன்ற அரிய வகைக்காரருக்கு அந்த டெஸ்டை எடுத்தால், நோய் முழுதாக இருக்கும்போதே பூஜ்யம் காட்டும். நோய் கண்டுபிடித்த அன்றே வகை எது என்று குறித்து வைக்காமல் விட்டால், வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டும்போதுதான் தவறு தெரியவரும்.

அடுத்து மாத்திரைப் பெட்டி. மருந்து பலிக்காமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அது வயிற்றுக்குள் போகாததுதான். லண்டனில் 87 பேரின் மாத்திரை டப்பா மூடியில் மின்னணுக் கணக்கான் வைத்து அளந்த ஆய்வு 2010ல் வெளிவந்தது. 90 சதவீதத்துக்கு மேல் மாத்திரை எடுத்தவர்களில் ஆறு வருடத்தில் 0.1 சதவீத இலக்கை எட்டும் வாய்ப்பு 94.5 சதவீதம். 90 அல்லது அதற்குக் கீழே எடுத்தவர்களுக்கு 28.4. மாதத்தில் மூன்று நாள் விட்டாலே 90 சதவீதம்தான். மாத்திரையை விட்டதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, இன்னும் கடுமையான மருந்துக்கு மாறுவது வீண் தண்டனை.

மூன்றாவதாக, கூடச் சாப்பிடும் மருந்துகள். நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியது காசநோய் சிகிச்சை. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, ரத்தத்தில் இமாட்டினிப் மொத்த அளவை 74 சதவீதம் குறைத்துவிடும். வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் அதே வேலையைச் செய்யும். இப்படிப்பட்டவருக்கு அளவு ஏறினால் நோய்மீது பழி போடக் கூடாது.

மியூட்டேஷன் டெஸ்ட்: எப்போது, எப்படி

தோல்வி உறுதியானால் எடுக்க வேண்டும். எச்சரிக்கை நிலையிலும் எடுக்கலாம். நோய் முற்றிய கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். சாதாரண நாட்பட்ட கட்டத்தில் முதல் நாளே எடுப்பதில் பயனில்லை.

மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். மருந்தின் அழுத்தம் இருக்கும்வரைதான் மியூட்டேஷன் உள்ள செல்கள் பெரும்பான்மை. மூன்று வாரம் மருந்தை விட்டுவிட்டு டெஸ்டுக்கு வந்தால் பழைய செல்கள் திரும்ப வளர்ந்து மற்றதை மறைத்துவிடும். ரிப்போர்ட் "மியூட்டேஷன் இல்லை" என்று வரும். நோயின் அளவு 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்போது எடுத்தாலும் பயனில்லை. படிக்கப் போதுமான நகல் கிடைக்காது.

இரண்டு முறைகள் இருக்கின்றன. சாங்கர் முறையில், மாறிய நகல்கள் சுமார் 15 முதல் 20 சதவீதம் இருந்தால்தான் கண்ணில் படும். என்ஜிஎஸ் என்ற புதிய முறை சுமார் 3 சதவீதத்தையும் பிடித்துவிடும். கட்டணம் கட்டுப்படியாகும் என்றால் என்ஜிஎஸ்தான் நல்லது. 3 சதவீதத்தில் ஒளிந்திருக்கும் மியூட்டேஷனுக்குப் பொருந்தாத மருந்தைக் கொடுத்தால், அது சீக்கிரமே முழு வயலையும் பிடித்துக்கொள்ளும்.

மியூட்டேஷன் பெயரின் நடுவிலுள்ள எண் புரதத்தில் மாறிய இடம்; முன் எழுத்து பழைய அமினோ அமிலம், பின் எழுத்து புதியது. ரிப்போர்ட்டில் தென்பட்டாலும் பொருட்படுத்த வேண்டாதவை இரண்டு: கே247ஆர் என்பது பிறவியிலேயே சிலருக்கு இருக்கும் சாதாரண வேறுபாடு, 35 எழுத்துகள் நுழைந்த "35 இன்ஸ்" மாற்றம் மருந்தை எதிர்ப்பதில்லை. இவற்றைக் காரணம் காட்டி மாத்திரை மாற்றத் தேவையில்லை.

எந்தப் பெயரை அடிப்பது

இமாட்டினிப்பை எதிர்க்கும் மியூட்டேஷன்கள் நூறுவரை பதிவாகியிருக்கின்றன. ஆனால் அடுத்த மருந்தைத் தீர்மானிப்பவை ஒரு கைப்பிடிதான். எம்351டி போன்ற ஒன்று வந்தால் புதிய மருந்துகளில் எதை எடுத்தாலும் கேட்கும். ரிப்போர்ட் நமக்கு எதையும் அடித்துத் தருவதில்லை.

ஒய்253எச், இ255கே, இ255வி, எஃப்359வி, எஃப்359சி, எஃப்359ஐ: இவற்றில் ஒன்று இருந்தால் நிலோட்டினிப்பை அடித்துவிடுங்கள். காரணம் எளிது. இமாட்டினிப்பும் நிலோட்டினிப்பும் ஒரே குடும்பம். இரண்டுமே புரதம் மடங்கி ஓய்ந்திருக்கும் நிலையில் மட்டுமே உட்காரும். 253, 255 மாற்றங்கள் புரதத்தை அந்த மடங்கிய நிலைக்கே போக விடுவதில்லை. டாசாட்டினிப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. விரிந்த நிலையிலும் அது பிடித்துக்கொள்ளும். ஆகவே இங்கே டாசாட்டினிப் நல்ல தேர்வு.

எஃப்317எல் (அதே இடத்தில் வி, ஐ, சி என வரும் மாற்றங்களும்), வி299எல், டி315ஏ: இவை டாசாட்டினிப்பை அடிக்கச் சொல்கின்றன. 299, 315, 317 மூன்றும் டாசாட்டினிப் கை வைக்கும் இடங்கள். இங்கே நிலோட்டினிப் எடுபடும். போசுட்டினிப்பையும் வி299எல், எஃப்317எல் இருந்தால் நம்ப முடியாது. ஜி250இ இருந்தாலும் அப்படியே.

அசிமினிப் வேறு வாசலில் நுழைகிறது. மேலே சொன்னவை எல்லாம் முட்டி மோதும் குழியை விட்டுவிட்டு, புரதத்தின் இன்னொரு பக்கத்திலுள்ள மிரிஸ்டாயில் குழியில் உட்காருகிறது. அதனால்தான் பழைய மியூட்டேஷன்களில் பெரும்பாலானவை அதைத் தடுப்பதில்லை. அதற்கென்று தனி எதிரிகள் உண்டு: ஏ337டி, பி465எஸ். எஃப்359 மாற்றங்களிலும் அதன் பிடி தளர்கிறது.

டி315ஐ வந்தால்

இது தனிக் கதை. மரபணுவில் ஏசிடி என்ற மூன்றெழுத்து ஏடிடி ஆகிறது, ஒரே எழுத்து. விளைவாக 315ஆம் இடத்தில் த்ரியோனின் போய் ஐசோலூசின் வருகிறது. இமாட்டினிப் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருந்த கொக்கி போய்விட்டது. அதே இடத்தில் பருமனான ஒரு கிளை நீட்டிக்கொண்டு வாசலை அடைக்கிறது. இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் நான்குமே வெளியே நிற்கும். அளவைக் கூட்டிப் பார்க்கலாமே என்ற யோசனை இங்கே நேர விரயம்.

மிஞ்சுவது இரண்டு மாத்திரை. போனாட்டினிப்பின் நடுவில் ஒரு முப்பிணைப்பு இருக்கிறது. ஒல்லியான, நேரான அந்தப் பகுதி ஐசோலூசினை உரசாமல் உள்ளே சறுக்கிவிடும். டி315ஐ இருந்தால் தினம் 45 மி.கி.யில் தொடங்கி, நோய் அளவு 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் 15 மி.கி.க்குக் குறைப்பது இன்றைய வழக்கம். குறைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இதயம், மூளை, கால் என்று எல்லா இடத்திலும் ரத்தக்குழாய் அடைப்பு வந்ததால் 2013 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டு, டிசம்பரில் கடுமையான எச்சரிக்கைகளோடு மறுபடி அனுமதிக்கப்பட்டது. ரத்த அழுத்தத்தையும் கெட்ட கொழுப்பையும் முதலில் கட்டுக்குள் கொண்டுவராமல் இதைத் தொடங்குவது ஆபத்து.

அசிமினிப்புக்கு இந்த இடத்தில் அளவு வேறு. மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 80 மி.கி.; டி315ஐ இருந்தால் 200 மி.கி. வீதம் இரண்டு வேளை, அதாவது ஐந்து மடங்கு. செலவும் அதற்கேற்ப ஏறும். ரத்தக்குழாய்த் தொல்லை போனாட்டினிப்பைவிடக் குறைவு. கணைய நொதி உயர்வதையும் தட்டணு குறைவதையும் கண்காணிக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு, மருந்து கைக்கு எட்டுமானால், இதைத்தான் முதலில் பார்ப்போம். இளவயதுக்காரர், நோய் வேகமாக ஏறுகிறது, இதயம் நன்றாக இருக்கிறது என்றால் போனாட்டினிப்.

ஒரே புரதத்தில் டி315ஐயோடு இ255வி போன்ற இன்னொரு மாற்றமும் சேர்ந்துவிட்டால் போனாட்டினிப்பும் தடுமாறும். நோய் முற்றிய கட்டத்துக்குப் போயிருந்தாலும் மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. அப்போது மாத்திரையால் நோயை இறக்கிவிட்டு, எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் போவதே வழி. உடன்பிறந்தவர்களின் எச்எல்ஏ (திசு) பொருத்தம் பார்ப்பதை இந்தக் கட்டத்துக்குத் தள்ளிப்போடாமல், இரண்டாவது மாத்திரை தடுமாறும்போதே செய்துவிடுங்கள்.

எதையும் அடிக்காத ரிப்போர்ட்

தோல்வியடைந்தவர்களில் கணிசமானோருக்கு மியூட்டேஷனே இருக்காது. அப்போது அவருக்கிருக்கும் மற்ற நோய்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சர்க்கரை, புகைப்பழக்கம், மாரடைப்பு, நடந்தால் கெண்டைக்கால் வலி: இவற்றில் ஒன்றிருந்தாலும் நிலோட்டினிப் வேண்டாம். சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும், ரத்தக்குழாய்களை அடைக்கும், இசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டும். தொடங்குமுன் ஒரு இசிஜி, ஏழு நாள் கழித்து இன்னொன்று கட்டாயம்; பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியாக இருக்க வேண்டும்.

நிலோட்டினிப்பில் எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது சாப்பாட்டு நேரம். இரண்டாம் மருந்தாக 400 மி.கி. இரண்டு வேளை, சுமார் 12 மணி நேர இடைவெளி. முன்னால் இரண்டு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காலை 6 மணி மாத்திரை சுலபம். எழுந்ததும் போட்டுக்கொண்டு 7 மணிக்குக் காபி. சிக்கல் மாலை 6 மணி மாத்திரையில். நான்கு மணிக்குப் பிறகு டீ இல்லை, பஜ்ஜி இல்லை, ஆபீசில் யாரோ நீட்டும் பிறந்தநாள் கேக்கும் இல்லை. பால் காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். கொழுப்புள்ள சாப்பாட்டுக்கு அரை மணி கழித்துப் போட்டால் உடம்பில் சேரும் மருந்து 82 சதவீதம் கூடிவிடும்; இதயத் துடிப்பு தடம் புரள இது போதும். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இந்த மாத்திரையைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

டாசாட்டினிப் 100 மி.கி. ஒரு நாளைக்கு ஒன்றுதான். சாப்பாட்டுக்கு முன், பின் என்ற கவலை இல்லை. ஆனால் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும். முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த டாசிஷன் ஆய்வில் ஐந்து வருடத்தில் 28 சதவீதம் பேருக்கு வந்தது. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். ஆஸ்துமா, சிஓபிடி (நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு), பழைய காசநோய்த் தழும்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வேறு மருந்து பார்ப்பது நல்லது. மூச்சு வாங்கினாலோ விடாத வறட்டு இருமல் வந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நீர் இருந்தால் மருந்தை நிறுத்தி, நீர் வற்றியதும் 70 அல்லது 50 மி.கி.யில் தொடரலாம். தட்டணுக்களின் வேலையையும் இது கெடுப்பதால் ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

டாசாட்டினிப் தோற்றதாகச் சொல்லப்படும் சில கேஸ்களில் உண்மையான குற்றவாளி "கேஸ் மாத்திரை". இந்த மருந்து கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் தினமும் போடுபவர்களுக்குக் கிட்டத்தட்ட பாதி மருந்து உடம்பில் சேராது. அசிடிட்டி தாங்கவில்லை என்றால் சாதாரண ஆன்டாசிட் மருந்தை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். இமாட்டினிப்புக்கு இந்தப் பிரச்சினை இல்லாததால், மாறும்போது பழைய பழக்கத்தை யாரும் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

போசுட்டினிப் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஓரளவு சாது, வயிற்றுக்கு இல்லை. இரண்டாம் மருந்தாக 500 மி.கி., சாப்பாட்டோடு. முதல் சில வாரம் பேதி ஓயாது. 200 அல்லது 300ல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் பெரும்பாலோர் தாக்குப்பிடிக்கிறார்கள். கல்லீரல் நொதிகளை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அசிமினிப்பை போசுட்டினிப்போடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள்; ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைப் பார்த்தவர்களில், 24 வாரத்தில் 0.1 சதவீத இலக்கை எட்டியவர்கள் 25.5க்கு 13.2 சதவீதம். ஆகவே மூன்றாவது இடத்தில் அசிமினிப்பையே வைப்போம். இரண்டாவது இடத்திலேயே வைக்கலாமா என்றால், அங்கே விலைதான் முடிவு செய்கிறது. இமாட்டினிப்பின் படிக வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இங்கே ஜெனரிக் இமாட்டினிப் தடையில்லாமல் கிடைக்கிறது. டாசாட்டினிப்பிலும் ஜெனரிக் இருக்கிறது. தினமும், வருடக்கணக்கில் வாங்க வேண்டிய மருந்து இது. ஆறு மாதத்தில் பணம் தீர்ந்து நின்றுபோகும் உயர்ந்த மருந்தைவிட, நிற்காமல் கிடைக்கும் டாசாட்டினிப் மேல்.

குழந்தை பெற விரும்பும் பெண்களின் கணக்கு தனி. இந்த மாத்திரைகள் எதையும் கர்ப்பத்தில் சாப்பிடக் கூடாது. நோய் அளவில் ஆழமான குறைவை எட்டி, அதை இரண்டு வருடமாவது தக்கவைத்துக்கொண்ட பிறகு மருந்தை நிறுத்தினால் பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. அந்த இடத்தைச் சீக்கிரம் எட்ட வேண்டியிருப்பதால், எச்சரிக்கை நிலையிலேயே வலுவான மருந்துக்கு மாறுவதை இவர்களுக்கு நியாயப்படுத்தலாம். மற்ற ஒருவருக்கு எச்சரிக்கை நிலையில் பொறுத்துப் பார்க்கலாம்.

மாறிய பிறகு

தொடங்கும் முன் ஹெப்படைட்டிஸ் பி டெஸ்ட் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மருந்துகள் உறங்கும் வைரஸை எழுப்பிவிடும். பிறகு அதே லேபில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு டெஸ்ட். இரண்டாம் மருந்துக்கும் அதே 10, 1, 0.1 வரம்புகள்தான்.

பழைய மியூட்டேஷன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போனாட்டினிப்பில் டி315ஐ காணாமல் போயிருக்கும். இரண்டு வருடம் கழித்துப் புதிய டாக்டர், புதிய ஊர், "மியூட்டேஷன் இல்லை" என்ற புதிய ரிப்போர்ட். அதை நம்பி, பக்கவிளைவு குறையட்டும் என்று டாசாட்டினிப்புக்கு மாற்றினால் ஒளிந்திருந்த அதே டி315ஐ சில மாதத்தில் திரும்பி வரும். தேதி போட்ட எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில், முதல் பக்கத்தில் மியூட்டேஷனின் பெயர் பெரிய எழுத்தில்.